முகத்தை மங்கலாக்கினால் போதுமா? கடலூரில் செய்தி வீடியோ எடுப்பது பற்றி

கேள்வி: தேவனாம்பட்டினம் கேமரா
உள்ளூர் யூடியூப் செய்தி சேனலுக்கு வீடியோ எடுக்கிறேன். வெள்ளி கடற்கரை, மஞ்சக்குப்பம் மைதானம், அரசு மருத்துவமனை வாசல் என்று எல்லாமே பொது இடங்கள்தான். ஆனாலும் "யாரைக் கேட்டு எடுக்குறே?" என்று மறிக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்கியே ஆகணுமா? சிறுவர்கள், பாதிக்கப்பட்ட பெண்கள் சம்பந்தப்பட்ட செய்தியில் முகத்தை மங்கலாக்கினால் போதுமா?

உப்பனாறு:
தம்பி, தெருவில் நடப்பதைச் செய்திக்காகப் படம்பிடிக்க ஆளாளுக்கு அனுமதி வாங்கச் சொல்லும் சட்டம் கிடையாது. ஊர்வலம், விபத்து, வெள்ளம் எல்லாம் எடுக்கலாம். ஆனால் பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதாலேயே ஒருவருடைய அந்தரங்கம் போய்விடாது என்று அந்தரங்க உரிமை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி வழக்குத் தீர்ப்பு சொல்கிறது. மருத்துவமனை வாசல் வேறு, வார்டு வேறு. கடற்கரையில் துணி மறைப்புக்குள் உடை மாற்றும் பெண்ணை ஜூம் போட்டு எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (நாட்டின் குற்றவியல் சட்டம்) 77-வது பிரிவு பாயும்; முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு சிறை.

எடிட் டேபிள்:
இரண்டாவது கேள்விக்குப் பதில்: போதாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயர், படத்தோடு நிற்கவில்லை. குடும்ப விவரம், பள்ளி, குடியிருக்கும் பகுதி எதுவுமே வெளியே தெரியக்கூடாது. மீறினால் நிருபரோடு சேனல் உரிமையாளரும் மாட்டுவார்.

நம்ம ஊரில் ஆளைக் காட்டிக்கொடுப்பது முகம் அல்ல, சுற்றி இருப்பவைதான். மீனவர் குப்பத்தில் வாசலில் நிற்கும் படகின் பதிவெண் ஒன்று போதும், எந்த வீடு என்று பக்கத்துத் தெரு சொல்லிவிடும். பள்ளிச் சீருடையின் கட்டம், கதவு எண், அப்பாவின் ஆட்டோ, கோயில் வளைவு எல்லாம் அப்படித்தான்.

எடிட்டில் நடக்கும் தவறுகள்: லேசான மங்கலுக்குள் முக அமைப்பு அப்படியே தெரியும், அடர்த்தியான ஒரே நிறக் கட்டம் போடுங்கள், தலையைவிடப் பெரிதாக. வினாடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிறது. ஆள் சட்டென்று திரும்பும்போது டிராக்கிங் (முகத்தோடு கூடவே மறைப்பு நகர்வது) இரண்டு ஃபிரேம் நழுவினால் அதை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவார்கள். ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். வீடியோவில் மறைத்துவிட்டு தம்ப்நெயிலில் முகத்தை அப்படியே விடுவது அடிக்கடி நடக்கிறது, இது மன்னிக்கவே முடியாத கவனக்குறைவு. முதுகைக் காட்டி எடுத்தாலும் பின்னால் இருக்கும் பீரோ கண்ணாடியைக் கவனியுங்கள். குரலின் சுருதியை மாற்றினால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். வேறொருவரைப் பேசவைப்பதே பாதுகாப்பு. மூலக் கிளிப்பை நிருபர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். நேரலையில் இதில் எதுவுமே செய்ய முடியாது, அதனால் இப்படிப்பட்ட செய்திக்கு நேரலை வேண்டாம்.

கடற்கரைச் சாலை, புதுச்சேரி:
ஃபைல் ஷாட், அதாவது முன்பு எடுத்த காட்சியை வேறு செய்திக்குப் போடுவது பற்றியும் சொல்லணும். புத்தாண்டு இரவில் காந்தி சிலை அருகே எடுத்த கூட்டம், எடுத்தபோது தப்பில்லை. அதே காட்சியில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் முகத்தின் மேல் "போதையில் ரகளை" என்று குரல் ஓடினால் அவதூறு. ஃபைல் ஷாட்டுக்குக் கால்கள், முதுகுகள், தூரக் காட்சி என்று தனியாக எடுத்து வையுங்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிரஸ் கவுன்சிலுக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள், அது அச்சுப் பத்திரிகைக்கு மட்டும்தான். யூடியூப்பில் தனியுரிமைப் புகார் படிவம் இருக்கிறது. பொதுவாகப் படத்தில் இருப்பவரே கொடுக்கணும், எந்த நிமிடம் எந்த வினாடி என்று குறிப்பிட்டு.

தேவனாம்பட்டினம் கேமரா:
நன்றி அண்ணே. போக்சோ வழக்கில் அம்மாவே கேமரா முன்னாடி பேசச் சம்மதித்தால்?

எடிட் டேபிள்:
அப்போதும் கூடாது. அனுமதி தர சிறப்பு நீதிமன்றத்தால்தான் முடியும், அதுவும் குழந்தையின் நலனுக்கு என்றால் மட்டும், காரணத்தை எழுதி. அம்மா முகம் தெரிந்தால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். அவர் சொன்னதில் அடையாளம் காட்டுவதை எடுத்துவிட்டு உங்கள் குரலில் படியுங்கள். படத்துக்கு நீதிமன்ற வாசல் போதும்.