பிடிப்பவரைப் பாருங்கள்

சின்ன வயதில் பார்த்த சர்க்கஸை இப்போது மறுபடி பார்க்கப் போகிறவர்கள் ரிங்கை ஒட்டிய நாற்காலிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பார் விளையாட்டு, அதாவது ஒருவர் ஊஞ்சலை விட்டுப் பறந்துவர எதிர் ஊஞ்சலில் தொங்குபவர் பிடிக்கும் வித்தை, நடப்பது தலைக்கு மேலே. அங்கே உட்கார்ந்தால் அண்ணாந்து அண்ணாந்து கழுத்துதான் வலிக்கும். பக்கவாட்டு கேலரியின் நடுவரிசை நல்லது. இரண்டு ஊஞ்சல்களும் எதிரெதிரே ஆடி நெருங்குவது அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். இரவு ஆட்டத்தில் கூடாரத்தின் வெக்கையும் தணிந்திருக்கும்.

குழந்தைகளின் கண் பறப்பவர்மேலேயே இருக்கும். நீங்கள் பிடிப்பவரைப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் அவருடைய ஆட்டத்துக்கு ஏற்பத்தான் மற்றவர் மேடையை விட்டுக் கிளம்புகிறார். ஊஞ்சல் ஒருமுறை போய்வரும் நேரத்தைப் பெரும்பாலும் கயிற்றின் நீளமே தீர்மானிக்கிறது, ஆளின் எடை அல்ல. அதனால்தான் ஒல்லியான பெண்ணும் கனத்த ஆணும் ஒரே தாளத்தில் ஆட முடிகிறது. கையை விடவேண்டியது வீச்சின் உச்சியை ஒட்டி. முந்தினால் உயரம் போதாது. பிந்தினால் ஊஞ்சல் பின்னோக்கி இழுத்துவிடும். விரல்களைக் கோத்துக்கொள்வதில்லை, மணிக்கட்டை மணிக்கட்டாகப் பற்றுகிறார்கள். ஒருவர் பிடி வழுக்கினாலும் இன்னொருவர் பிடி மிஞ்சும். கையில் தேய்க்கும் வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட், வியர்வையை உறிஞ்சுவதற்கு.

தவறினால் வலையில் முதுகு படும்படி விழவேண்டும். காலூன்றினால் கணுக்கால் முறியலாம், அல்லது வலையே தூக்கி வெளியே எறிந்துவிடலாம். விழும் அந்த நொடிக்குள் உடலைத் திருப்புகிறார்களே, அதுவே தனி வித்தை. கால்சட்டை கழன்று விழுகிற பபூனை இந்தக் கண்ணோடு பாருங்கள். வேண்டுமென்றே தப்பான நேரத்தில் கையை விட்டுவிட்டுச் சரியாக விழத் தெரிந்தவர் அவர்.

மரணக் கூண்டு எனும் கம்பிவலை உருண்டைக்குள் மோட்டார் சைக்கிள்கள் முதலில் அடியில் ஆடி வேகம் பிடிக்கும், பிறகுதான் மேலேறும். 15 அடி குறுக்களவுள்ள கூண்டின் உச்சியைக் கடக்க, கணக்குப்படி மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போதும். ஆபத்து வேகத்தில் இல்லை. இரண்டு மூன்று வண்டிகள் ஒன்றின் பாதையை ஒன்று வெட்டும்போது ஒருவருக்கு எஞ்சின் நின்றால்தான்.

சிங்கம், புலியைத் தேடாதீர்கள். கரடி, குரங்கு, சிறுத்தை உட்பட ஐந்து வகை விலங்குகளுக்கு மத்திய அரசு விதித்த தடையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது சரியான முடிவு. பழைய ஆட்கள் குறைபட்டுக்கொள்வார்கள், ஆனால் இந்திய சர்க்கஸின் உயிர் என்றும் உடல்வித்தைதான். கேரளத்தின் தலைச்சேரியில் களரி ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பயிற்றுவித்தது மனிதர்களை. 1951இல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய சங்கரனும் அந்த மண்ணில் பார் பழகியவரே.

பார் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வலையில் குதித்து இறங்குவார்கள். கூட்டம் அதற்குள் வாசலுக்கு நகரத் தொடங்கும். எழுந்திருக்காதீர்கள், பிடிப்பவர் இன்னும் மேலே இருக்கலாம்.