சில்வண்ணத் தொகை, நெகிழ்தீட்டல்: இரு பரிந்துரைகள்

அன்புள்ள கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நீர்வண்ண ஓவியத்தில் சில நிறமிகளை மட்டுமே கொண்டு தீட்டும் 'லிமிட்டெட் பேலட்' என்பதற்கு 'வரையறுக்கப்பட்ட வண்ணத்தட்டு' என்றும், விளிம்புகளைக் கரையவிட்டுத் தீட்டும் 'லூஸ்' முறைக்குத் 'தளர்' என்றும் முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தன. அகராதிப்படி இரண்டும் சரியே. ஆயினும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மாட்டுத்தொழுவையோ, திசையன்விளைப் பக்கம் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியையோ வரைய உட்காரும் மாணவருக்கு, செய்யவேண்டியது என்ன என்பதை இச்சொற்கள் உணர்த்தவில்லை என்பது என் கருத்து.

வண்ணத்தட்டு என்பது நிறம் குழைக்கும் குழித்தட்டு. அதற்கு அச்சொல் இருக்கட்டும். இங்கே குறைவது தட்டு அன்று, ஓர் ஓவியம் முழுமைக்கும் எடுத்துக்கொள்ளும் நிறமிகளின் எண்ணிக்கை. மஞ்சட்காவி, செம்பழுப்பான சுட்ட சியன்னா, அல்ட்ராமரின் நீலம் ஆகிய மூன்றும் நம் ஊர்ப் பண்ணைக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் போதும். முதலிரண்டும் இரும்பு ஆக்சைடு கலந்த மண்கள். சூளையில் நாட்டு ஓடு சிவப்பதும் அதே இரும்பினால்தான் என்பதால், ஓட்டுக்கெனத் தனிச் சிவப்பைத் தேடவேண்டியதில்லை. அல்ட்ராமரின், சுண்ணாம்பு வெள்ளை பளிச்சென்றிருக்க நம்மவர் கலந்துவந்த பழைய சலவை நீலத்தூளின் நிறமியே. வெள்ளையடித்த சுவரின் நிழலுக்கு அதையே நீர்த்துப் பூசலாம், வெயில்படும் பகுதிக்குத் தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிடலாம். நீலத்தையும் சுட்ட சியன்னாவையும் கலந்தால் ஒன்றையொன்று தணித்துச் சாம்பல் நிறமாகும். நாள்பட்ட பனையோலைக் கூரைக்கும் பனைவிட்டத்துக்கும் அதுவே வேண்டிய நிறம். அல்ட்ராமரின் துகள்கள் சொரசொரப்பான தாளின் பள்ளங்களில் தங்கிப் படிவதால், காரை பெயர்ந்த சுவரின் தோற்றமும் தானே வந்துவிடுகிறது.

ஆகவே 'சில்வண்ணத் தொகை' என்று பரிந்துரைக்கிறேன். 'சில்' என்ற அடை புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் 'அம்மை' என்னும் வனப்பைச் 'சின்மென்மொழி'யால் அமைவதாகச் சொல்கிறது. சிலவாகிய மெல்லிய சொற்களாலேயே ஒரு செய்யுள் நிறைவுபெறும் என்ற அந்த எண்ணம் இவ்வோவிய முறைக்கும் அப்படியே பொருந்துகிறது.

'தளர்' என்பதை நான் வலுவாகவே மறுக்கிறேன். அது சோர்வையும் பிடிமானமின்மையையும் நினைவூட்டுவதால், கவனமின்றித் தீட்டுவதே இம்முறை என்று மாணவர் எண்ணிவிடக்கூடும். உண்மையில் எந்த விளிம்பைக் கரையவிடுவது, எதை நிறுத்துவது என்பதைத் தூரிகை தாளில் படுமுன்னரே முடிவுசெய்தாக வேண்டும். வைக்கோற்படப்பின் உச்சியை வானத்தின் ஈரம் காய்வதற்குள் தொட்டால் நிறம் வானத்துக்குள் கசிந்து விளிம்பு மறையும். அதே படப்பின் அடிநிழலைக் காய்ந்த தாளில் இட்டால் விளிம்பு கூர்மையாக நிற்கும். சித்திரை வெயிலில் இதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளை இருபுறமும் நனைத்துக்கொண்டு நிழலில் அமர்ந்தால்தான் ஈரம் சற்று நிலைக்கும்.

இச்செயலுக்கு 'நெகிழ்தீட்டல்' பொருந்தும். கைவளை நெகிழ்ந்தது என்னும்போது வளை உடைவதில்லை, பிடிதான் விடுகிறது. இங்கும் தொழுவின் வடிவம் நிற்க, கோட்டின் பிடி மட்டுமே விடுகிறது. பிளாஸ்டிக்கைக் குறிக்கும் 'நெகிழி'யோடு குழம்பாதா என்று கேட்கலாம். 'தீட்டல்' உடன் நிற்பதால் குழம்பாது. 'விட்டுத்தீட்டல்' என்பதையும் எண்ணிப்பார்த்தேன். ஆனால் வெள்ளைக்காகத் தாளை விட்டுவைக்கும் வேறொரு உத்திக்கே அது பொருத்தமான பெயர்.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. பாதி காய்ந்த பூச்சில் புதுநீர் பட்டால், அது நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் நெளிந்த விளிம்புடன் ஒரு கறையை விடும். அதற்கு 'எதிர்க்கசிவு' என்பது என் முன்மொழிவு. இச்சொல்லில் எனக்கு முழு நிறைவு இல்லை. வயலுக்கு நீர் பாய்ச்சுவோரிடம் இதைவிடப் பொருத்தமான வழக்குச் சொல் இருக்கக்கூடும். அறிந்தவர்கள் எழுதினால், மூன்றையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்