மறு: ‘நேரட்டிவ் டிரான்ஸ்போர்ட்டேஷன்’ – கதைவயப்படல் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். படிப்பவர் ஒரு கதைக்குள் ஆழ்ந்துபோவதை ஆங்கிலத்தில் ‘நேரட்டிவ் டிரான்ஸ்போர்ட்டேஷன்’ (narrative transportation) என்கிறார்கள். சுற்றுலா இணையதளங்களில் பயணிகள் எழுதும் கதைகளைப் பற்றிப் பேச, நம் கலைச்சொல் பட்டியலில் இதற்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘கதைப்பெயர்ச்சி’ என்று வைத்துவிடலாம். மூலச்சொல்லில் இருக்கும் பயணம் அப்படியே வந்துவிடுகிறது.

தக்கலை அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1993-இல் ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் வாசிப்பைப் பயணமாகத்தான் விளக்கினார்: படிப்பவர் கதையின் உலகத்துக்குப் போகிறார், திரும்பும்போது கொஞ்சம் மாறியிருக்கிறார். ஆனால் பெயர்ச்சி என்றதும் சனியும் குருவும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘கடத்தல்’ வேண்டவே வேண்டாம். ‘மூழ்கல்’ நல்ல சொல். அதை மெய்நிகர்க் கருவிகளுக்கு விட்டுவைப்போம்.

என் பரிந்துரை ‘கதைவயப்படல்’. காதல்வயப்பட்டான், உணர்ச்சிவயப்பட்டாள் என்று ஏற்கெனவே நம் வாயில் புழங்கும் அமைப்பு. படிப்பவர் கதைவயப்படுகிறார்; இணையதளம் அவரைக் கதைவயப்படுத்துகிறது. சுற்றுலாத் தளங்களைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது வடிவம் இல்லாமல் முடியாது.

> பயணிகள் எழுதுவதை எல்லாம் ‘சான்றுரை’ என்றால் போதாதா?

போதாது. “மாத்தூர் தொட்டிப்பாலம் அருமையான இடம், குடும்பத்தோடு போகலாம்” என்பது சான்றுரை. படிப்பவர் அதை எடைபோடுவார், சந்தேகப்படுவார். “பாலத்தில் பாதி தூரம் போனதும் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கீழே பறளியாறு. தாத்தா கையை நீட்டினார்” என்று ஒருவர் எழுதியிருந்தால், நாம் எடைபோடுவதை மறந்து அவள் நடந்தாளா என்று பார்க்கிறோம். 115 அடி உயரம் என்ற தகவலால் இது முடியாது. மெலனி கிரீன், திமோத்தி பிராக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கதைக்குள் ஆழ்ந்துபோனவர்கள் அதில் பொய்யாகப் படும் இடங்களைக் குறைவாகவே சுட்டினார்கள். கதையோடு ஒத்துப்போகும் நம்பிக்கைகளும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன.

இது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வெறும் ஏட்டு விஷயம் இல்லை. முக்கடல் சூரிய உதயத்தைப் பற்றி ஜனவரியில் ஒருவர் எழுதியது உண்மையாகவே இருக்கலாம். மாதத்தைச் சொல்லாமல் தளம் அதை முகப்பில் வைத்தால், ஜூனில், தென்மேற்குப் பருவமழை மேகத்தின் கீழ் வந்து நிற்பவருக்கு அது பயன்படுமா? எந்தக் கதை முகப்புக்கு வர வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது எழுதியவர் இல்லையே, தளம்தான். கடல் கொந்தளிப்பில் படகு ஓடாமல், 133 அடி வள்ளுவர் சிலையைக் கரையில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அப்படித் திரும்பியவர்களின் கதையும், அன்று மாலை அவர்கள் பக்கத்திலுள்ள வட்டக்கோட்டை என்ற கடலோரக் கோட்டைக்குப் போன கதையும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும். அப்போதும் கதைவயப்படல் நடக்கும், ஆனால் வருகிறவர் ஏமாற மாட்டார்.

‘வயம்’ என்றால் சுயபுத்தி போய்விட்டது போல ஒலிக்கிறது என்று ஒரு தங்கை தனிமடலில் கேட்டிருந்தார். உணர்ச்சிவயப்பட்டவர் சற்று நேரத்தில் நிதானத்துக்கு வந்துவிடுகிறாரே, அந்த அளவுதான் இங்கும்.

அப்புறம், பட்டியலில் சேர்க்க ஒரு வரையறை: கவனம், உணர்ச்சி, கற்பனை மூன்றும் ஒரு கதையில் ஒன்றிப்போய், எதிர்க்கேள்வி கேட்கும் போக்கு தளர்ந்திருக்கும் நிலை.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதன் பிறவினை வடிவத்தையும் (‘கதைவயப்படுத்துகிறது’ போல) சேர்த்து அனுப்புங்கள்.

நாகர்கோவிலிலிருந்து,
அன்புடன்