சிக்கிஹோர் தீவை ஒரே நாளில் சுற்றியவர்கள் வாருங்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

சிக்கிஹோர் என்று சொன்னாலே பிலிப்பைன்ஸ்காரர்கள் பலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சூனியக்காரர்களின் தீவு என்ற பேர் அப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தீவில் படகு ஏறும் நகரமான துமாகெத்தேயில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, "அங்கே யாராவது உங்கள் தோளைத் தொட்டால் நீங்களும் திருப்பித் தொட்டுவிடுங்கள்" என்று சொல்லித்தான் காலைப் படகுக்கு அனுப்பினார்.

மாகாணம் என்றாலும் சின்னஞ்சிறியது. ஆறே நகராட்சிகள். 1971-ல் நீக்ரோஸ் ஓரியன்டல் மாகாணத்திலிருந்து பிரிந்து தனி மாகாணமானது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,03,395. கரையோரமாகத் தீவைச் சுற்றும் சாலை சுமார் 72 கிலோமீட்டர்தான், அதனால் ஸ்கூட்டரில் ஒரு பகலுக்குள் சுற்றிவிடலாம். ஒரு யோசனை: துறைமுகத்திலிருந்து சான் ஹுவான், லாசி, மரியா, லரேனா என்ற வரிசையில் போங்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். இப்படிச் சுற்றினால் கடல் ஓரத் தடம் முழுக்க நமக்குத்தான்.

லாசிக்கு முன்னால் சாலையோரம் ஒரு பலேத்தே மரம் நிற்கிறது. நம் ஆலமரத்தின் இனம். வேறொரு மரத்தின் மேல் முளைத்து, விழுதுகளை இறக்கி, கடைசியில் அந்த மரத்தையே மூடிவிடும் வகை. 400 வயது என்கிறார்கள். வேரடியிலிருந்து ஊற்று பொங்கி ஒரு குளத்தில் விழுகிறது. காலை விட்டால் மீன்கள் கூட்டமாக வந்து கொறிக்கின்றன, எல்லோரும் அதற்காகத்தான் நிற்கிறார்கள். நான் விழுதைத் தொடப் போனபோது அங்கே பழம் விற்றுக்கொண்டிருந்த பாட்டி கையசைத்துத் தடுத்தார். முதலில் அனுமதி கேட்க வேண்டுமாம். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக் காட்டினார், நானும் தமிழிலேயே கேட்டுவிட்டுத் தொட்டேன். உச்சிவேளையில் ஆலமரத்தடிக்குப் போகாதே, முனி இருக்கும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு அந்தப் பாட்டி அந்நியர் இல்லை.

லாசியில் அவசரப்படாதீர்கள். தேவாலயத்துக்கும் எதிரே இருக்கும் பழைய மடத்துக்கும் நடுவில் சாலையோரமெல்லாம் பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். மடம் 1887-ல் தொடங்கி 1891-ல் கட்டி முடிக்கப்பட்டது. கீழ்த்தளம் பவளக்கல், மேல்தளம் முழுக்க மரம். பாதிரியார்கள் ஓய்வெடுக்கவும் உடம்பு தேறவும் வந்து தங்கிய இடம். பெரும்பாலானவர்கள் வண்டியை நிறுத்தாமலே ஒரு படம் எடுத்துக்கொண்டு அருவிக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

காம்புகஹாய் அருவி மூன்று அடுக்கு, பால் கலந்த நீல நிறத் தண்ணீர், கயிற்றில் தொங்கிக் குதிக்கலாம். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள்.

* * *

மேலே எழுதியவர் மலைப்பக்கம் ஏறவில்லை போலிருக்கிறது. நான் சான் அன்டோனியோவுக்குப் போனேன். நாட்டு வைத்தியர்கள் இருக்கும் பகுதி அது.

நான் பார்த்தவர் வயதான அம்மா. போலோ-போலோ என்ற முறை. கண்ணாடிக் குவளையில் தண்ணீர், அதற்குள் ஒரு கல், ஒரு மூங்கில் குழல். குழல் வழியாகத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டே குவளையை நம் உடம்பின் மேல் நகர்த்துகிறார்கள். தெளிந்த தண்ணீர் கலங்குகிறது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றி, கலங்காமல் இருக்கும்வரை தொடர்கிறார்கள். கட்டணம் எதுவும் கேட்கவில்லை, விருப்பப்பட்டதை வைத்துவிட்டு வந்தேன்.

அது நோயைக் குணமாக்கும் என்று சொல்ல வரவில்லை. நோய்க்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒவ்வொரு செடியாகக் கிள்ளி முகரக் கொடுத்தாரே, அதுதான் என்னை அசைத்தது. எந்தப் பட்டை எதற்கு, எந்த வேரை எப்போது எடுக்க வேண்டும் என்று அவர் பேத்தி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கேட்டேன். தவக்காலத்தின் வெள்ளிக்கிழமைகளில் மூலிகை சேகரித்து, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை பந்திலான் மலையில் வைத்தியர்கள் கூடிப் பெரிய பாத்திரங்களில் காய்ச்சுவார்கள். இவ்வளவு செடிகளைத் தெரிந்து வைத்திருப்பவர்களைச் சூனியக்காரர்கள் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது அநியாயம்.

அங்கே போகிறவர்கள் தயவுசெய்து கேமராவை நீட்டிக்கொண்டு நுழையாதீர்கள். முதலில் உட்காருங்கள், பேசுங்கள், பிறகு கேளுங்கள்.

* * *

வயதானவர்களோடு போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, அதனால் ஸ்கூட்டரை விட்டுவிட்டுத் துறைமுகத்திலேயே ஒரு டிரைசைக்கிளை நாள் முழுக்கப் பேசிக்கொண்டோம். பக்கத்தில் தொட்டி இணைத்த மோட்டார் சைக்கிள் அது. கிளம்புமுன்பே தொகையையும் நிறுத்தும் இடங்களையும் பேசி முடித்துவிடுங்கள்.

காம்புகஹாய்க்கு நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். அம்மாவுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக சான் ஹுவானில் ஊர் நடுவிலேயே கபிலாய் ஊற்றுக் குளம் இருக்கிறது. உள்ளூர்ப் பெண்கள் குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா படியில் உட்கார்ந்து காலை நனைத்ததும் ஒரு பெண் தன் கைக்குழந்தையை அம்மா மடியில் கொடுத்துவிட்டு நிம்மதியாக நீந்தப் போனார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. அரை மணி நேரம் அம்மாதான் அந்தக் குழந்தைக்குப் பாட்டி. "இந்த ஊருக்கா பயமுறுத்தினாங்க?" என்று டிரைசைக்கிளில் ஏறியதும் கேட்டார்.

மரியாவில் சலக்தோங் கடற்கரைக்கு இறங்கும் சாலை காட்டு நிழலில் போகிறது. வெயில் தாங்காதவர்கள் மதியத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

* * *

சில விஷயங்களைச் சேர்க்கிறேன். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கிய உடனே துறைமுகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காற்று பலமானால் கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும். அன்றிரவு அங்கேயே தங்க வேண்டி வரலாம், மாற்றுத்துணி ஒன்று பையில் இருக்கட்டும்.

பெசோ நோட்டுகளைத் துமாகெத்தேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு அங்கே பெரிய தொல்லையாக இருந்திருக்கிறது. 2025 ஜூனில் அதற்காக மாகாணத்தில் பேரிடர் நிலையே அறிவித்தார்கள். கரண்ட் இல்லையென்றால் ஏடிஎம்மும் இல்லை, அட்டையும் ஓடாது. உள்ளூர் மக்கள் அதை வெகுநாள் சுமந்தவர்கள், அதனால் கடையில் ஐஸ் இல்லை என்றால் முகம் சுளிக்காதீர்கள்.

முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஸ்பானியர்கள் இந்தத் தீவுக்கு வைத்த பேர் நெருப்புத் தீவு. மரங்களில் மொய்த்த மின்மினிகளின் ஒளி கப்பலிலிருந்து பார்த்தபோது தீப்பிடித்ததுபோல் தெரிந்ததாம். பகலில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் அவற்றைப் பார்க்க வழியில்லை. புனித வாரத்தில் மூலிகை காய்ச்சுவதைப் பார்க்க நினைப்பவர்கள் அறையையும் படகையும் வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள், பிலிப்பைன்ஸ் முழுவதும் விடுமுறையில் கிளம்பும் வாரம் அது.