டோவரிலிருந்து கலே வரை: சின்ன மோட்டார் படகில் முதல் தடவை கடக்கும் முன்

ஐந்தரை மீட்டர் ரிப் படகு (கடினமான அடிப்பாகமும் காற்றடைத்த பக்கங்களும் கொண்டது), பின்னால் மாட்டிய 60 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின். முதல் தடவை கடக்க நினைக்கும் பலரிடம் இருப்பது இதுதான் என்பதால் இதை வைத்தே எழுதுகிறேன். இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்ஸின் கலே துறைமுகம் வரை 21, 22 கடல் மைல். அமைதியான நாளில் 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம். இந்த ஒன்றேகால் மணிதான் ஆளை ஏமாற்றும்.

ஆற்றில் ஒரு கோடை முழுக்க மக்கர் பண்ணாத எஞ்சின் நடுக்கடலில் நிற்கும். எஞ்சின் கெட்டிருக்காது. தொட்டியின் அடியில் படிந்து கிடந்த தண்ணீரும் கசடும் முதல் பெரிய குலுக்கலில் கலங்கி ஃபில்டருக்குப் போயிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் நிற்கும். எனவே பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டரைப் புதிதாக மாட்டி, இன்னொன்றும் அதைக் கழற்றும் ஸ்பேனரும் கையில் வையுங்கள். பெட்ரோல் கேன் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்க வேண்டும். அது மூடியிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டு, கேன் உள்வாங்கி, எஞ்சின் இருமி நிற்கும். எரிபொருள் குழாயிலுள்ள கைப்பம்ப் பந்தின் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்கட்டும்.

அளவுக்கு வருவோம். 18 நாட் வேகத்தில் மணிக்கு 15 லிட்டர் என்றால் ஒரு வழிக்கு 18, 19 லிட்டர். ஆனால் அலை கிளம்பிவிட்டால் படகு தண்ணீர் மேல் சறுக்காது, உழுதுகொண்டு போகும். வேகம் எட்டு, ஒன்பது நாட் அளவுக்கு விழும். அதே தூரத்துக்கு 30 லிட்டரைத் தொடும். போக 30, வர 30, கையிருப்பு 30. இரண்டு 25 லிட்டர் கேன் போதும் என்பவர்கள் அமைதியான கடலுக்கு மட்டும் கணக்குப் போட்டவர்கள். 90 லிட்டர் என்பது 65 கிலோவுக்கு மேல் எடை. எல்லாவற்றையும் அமரத்தில் (பின்பக்கம்) அடுக்கினால் அணியம் (முன்பக்கம்) வானத்தைப் பார்க்கும். பாதியையாவது முன்னே கட்டுங்கள்.

*

 எரிபொருளைவிட நாள் குறிப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

டோவர் உயர் ஓதத்துக்கு (கடல் மட்டம் உச்சத்தைத் தொடும் நேரத்துக்கு) ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து நீரோட்டம் வடகிழக்கே ஓடும். உயர் ஓதம் கழிந்து நாலு, நாலரை மணி ஆனதும் தென்மேற்கே திரும்பும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் நீரோட்டம் 4 நாட் வரை போகும். அஷ்டமி கழிந்த ஓரிரு நாளில் அதில் பாதிதான். நம் வீட்டு நாட்காட்டி டோவரிலும் உதவும்.

காற்றை அது எங்கிருந்து வருகிறது என்று சொல்வோம். நீரோட்டத்தை அது எங்கே போகிறது என்று. இரண்டையும் குழப்பாதீர்கள். தென்மேற்குக் காற்றும் தென்மேற்கு நீரோட்டமும் பெயரில் ஒன்று. கடலில் அவை நேருக்கு நேர் மோதும். அலை குட்டையாக, செங்குத்தாக எழும். வடகிழக்கு நீரோட்டத்தில் சமாளிக்கக்கூடிய அதே காற்று, ஓட்டம் திரும்பியதும் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். முதல் தடவைக்குக் காற்றின் அளவுகோலான போஃபோர்ட்டில் 3 போதும், அதாவது 7 முதல் 10 நாட். முன்னறிவிப்பில் 4 என்றால் வேறு நாள் பாருங்கள். திரும்பி வரும் நேரத்தின் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். போகும்போது இருக்கும் கடல் வரும்போது இருக்காது.

பிரிட்டிஷ் ஓத அட்டவணைகள் பலவும் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் ஒரு மணி கூட்ட மறந்தால் மேலே எழுதியதெல்லாம் வீண்.

*

அடுத்தது கப்பல் வழித்தடங்கள், அதாவது பெரிய கப்பல்களுக்கென ஒதுக்கிய ஒருவழிப் பாதைகள். ஆங்கிலேயக் கரைப் பக்கத் தடத்தில் கப்பல்கள் தென்மேற்கே போகும். பிரெஞ்சுப் பக்கத்தில் வடகிழக்கே. கலேக்குப் போகும்போது முதல் பாதியில் இடது பக்கம், இரண்டாம் பாதியில் வலது பக்கம் கண் வையுங்கள். குறுக்கே வரும் ஃபெர்ரிகள் தனிக் கணக்கு.

கடல் மோதல் தடுப்பு விதி 10: தடத்தைக் கூடியமட்டும் செங்குத்தாகக் கடக்க வேண்டும். இது படகின் தலை பார்க்கும் திசைக்கான விதி. நீரோட்டம் தள்ளுகிறதே என்று ஜிபிஎஸ் கோட்டைப் பிடிக்கத் தலையைச் சாய்த்தால் தப்பு. தள்ளட்டும், தடத்தைத் தாண்டிய பிறகு சரிசெய்யுங்கள். 20 மீட்டருக்குக் குறைந்த படகு, தடத்தில் போகும் கப்பலுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பதும் அதே விதிதான்.

18 நாட் வேகத்தில் வரும் கப்பல் ஒரு மைலை மூன்று நிமிடம் இருபது நொடியில் கடக்கும். துள்ளும் ரிப்பில் கைத் திசைகாட்டி நிற்காது. தலையை ஒரே திசையில் பிடித்துக்கொண்டு, கப்பலைக் கைப்பிடிக் கம்பி ஒன்றோடு ஒட்டிப் பாருங்கள். இரண்டு நிமிடம் கழித்தும் அதே கம்பியில் ஒட்டி, உருவம் மட்டும் பெரிதானால் மோதல் பாதை. முன்னமே வேகத்தைக் குறைத்துக் கப்பலின் பின்னால் போங்கள். முன்னால் பாய்ந்துவிடலாம் என்ற நினைப்பு வரும் வேளையில்தான் எஞ்சினும் இருமும். போனில் தெரியும் ஏஐஎஸ் (கப்பல்கள் தம் இடத்தை ஒலிபரப்பும் முறை) படம் தாமதமாக வரும், நடுவில் சிக்னலும் போகும், அதை நம்பாதீர்கள். மூடுபனி என்றால் பயணமே வேண்டாம்.

*

பெரிய எஞ்சின் நின்றால் கைகொடுக்கச் சின்ன உதவி எஞ்சின் வேண்டுமா? 5 குதிரைத்திறன் நான்கைந்து நாட் கொடுக்கும். எதிர் நீரோட்டம் 3 நாட் என்றால் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. ஆனாலும் தடத்தை விட்டு ஓரம்போக அது போதும் என்பதால் என் ஓட்டு அதற்குத்தான். ஒரு நிபந்தனை: தனித் தொட்டி. ஒரே கேனிலிருந்து இரண்டுக்கும் ஊட்டினால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

நங்கூரம் கொண்டுபோங்கள், ஆனால் அதை நம்பி இராதீர்கள். நடுவில் ஆழம் 30 மீட்டருக்கு மேல். 40 மீட்டர் கயிறு தரையைத் தொட்டாலும் பிடிக்காது. தடத்துக்குள் நங்கூரமிடுவதைத் தவிர்க்கவும் சொல்கிறது விதி. துணியாலான கடல் நங்கூரத்தை அணியத்திலிருந்து விட்டால் படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும்.

கில் கார்டு, அதாவது இழுபட்டால் எஞ்சினை நிறுத்தும் கயிறு, காலில் மாட்டியிருக்கட்டும். இன்னொன்று உடன் வருபவரிடம். நீங்கள் தண்ணீரில் விழுந்தால் கார்டும் உங்களோடு போய்விடும், அவர் எஞ்சினைக் கிளப்ப வேண்டுமே. லைஃப் ஜாக்கெட்டின் காஸ் சிலிண்டரைக் கையால் திருகிப் பாருங்கள், தளர்ந்திருப்பது சகஜம். தொடைப் பட்டி இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் முகத்துக்கு ஏறும்.

*

விஎச்எஃப் கடல் ரேடியோவை 25 வாட்டில் சோதியுங்கள். கேட்கும்போது நன்றாக இருந்து, பேசும் பொத்தானை அழுத்தியதும் அணைந்தால் பேட்டரி இணைப்பு துருப்பிடித்திருக்கலாம். டோவரை விட்டுக் கிளம்ப சேனல் 74இல் அனுமதி. சேனல் 11இல் மணிக்கொரு முறை, 40ஆம் நிமிடத்தில், ஜலசந்தி நிலவரம் சொல்வார்கள். கலே துறைமுகம் சேனல் 17.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குப் பிரான்ஸ் பக்கம் ஷெங்கன் விசா கட்டாயம். படகின் பதிவுச் சான்று, காப்பீடு, ரேடியோ உரிமம் எல்லாம் தண்ணீர் புகாத பையில்.

கலேயில் படகுத் துறைக்குள் போகும் கதவு உயர் ஓதத்தைச் சுற்றிய சில மணி நேரம்தான் திறக்கும். தவறினால் வெளியே காத்திருப்பு மிதவையில் கட்டிக்கொள்ள வேண்டும். ஃபெர்ரி ஒவ்வொன்றும் அசைத்துவிட்டுப் போகும். கிளம்பும் நேரத்தை இந்தக் கதவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.