டிபிஎஃப் லைட் அணைய மாட்டேன் என்கிறது: சென்சாரா, ஃபில்டரே போச்சா?

மதுரை டீசல்
2021 மாடல், பிஎஸ்6 டீசல், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வீட்டிலிருந்து கடைக்கு 4 கி.மீ., திரும்ப 4 கி.மீ., தினமும் அவ்வளவுதான் ஓட்டம். இரண்டு வாரமாக டிபிஎஃப் (டீசல் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட். திண்டுக்கல் வரை நான்குவழிச் சாலையில் 80-இல் ஓட்டினேன், அணைந்தது. மறுநாள் காலை திரும்ப எரிகிறது. இப்போது செக் எஞ்சின் லைட்டும் சேர்ந்துகொண்டது, வண்டி இழுக்கவே இல்லை. சர்வீஸில் ஸ்கேனர் போட்டு, பி2453 என்ற ஃபால்ட் கோட் வருகிறது என்றார்கள். ஃபில்டரையே மாற்ற வேண்டுமாம், ஒரு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். ஒரு நட்டைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

ஹைவே ராஜா
ஃபில்டரைக் கழற்றி வீசிவிட்டு, எஞ்சின் கம்ப்யூட்டரில் (ஈசியூ) வேறு புரோகிராம் (மேப்) போட்டு ஓட்டுங்கள் ப்ரோ. தலைவலி விட்டது.

பட்டறை அண்ணன்
அந்த வேலை வேண்டாம் தம்பி. நாளைக்குப் புகைச் சோதனையில் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

பி2453 என்பது ஃபில்டர் அடைப்புக்கான கோட் இல்லை. அடைப்பு என்றால் பெரும்பாலும் பி2463 வரும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைப் பார்க்கும் சென்சாரின் ரீடிங் நம்பும்படி இல்லை என்பதைத்தான் பி2453 சொல்கிறது. ஃபில்டரிலிருந்து இரண்டு குழாய் சென்சாருக்குப் போகும்.

லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் யாரிடமாவது வாங்குங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். புகையே ஓடாதபோது வித்தியாசம் ஏது? பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் சென்சாரிலிருந்து இரண்டு ஓஸையும் உருவிவிட்டு மறுபடி பாருங்கள். பூஜ்யத்துக்கு வந்தால் குழாயில் தண்ணீரோ கரியோ அடைத்திருக்கிறது. வராவிட்டால் சென்சார், இல்லையென்றால் வயரிங்.

ஓஸை ஊதிச் சுத்தம் செய்வதானால் சென்சாரில் மாட்டியபடி ஏர் அடித்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய தகடு போய்விடும். மாட்டும்போது முன், பின் மாறக்கூடாது. உருவும் முன்னே ஒன்றில் டேப் ஒட்டிவிடுங்கள். சென்சார் என்று முடிவு கட்டும் முன் கப்ளரில் 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எலி கடித்த வயருக்குச் சென்சார் மாற்றியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மதுரை டீசல்
அண்ணே, பார்த்துவிட்டேன். சாவி ஆனில் 28 ஹெக்டோபாஸ்கல். ஓஸ் இரண்டையும் உருவின பிறகும் 27. கப்ளரில் 5 வோல்ட் சரியாக வருகிறது, எர்த்தும் நன்றாக இருக்கிறது. ஓஸில் வெடிப்பு எதுவும் இல்லை.

பட்டறை அண்ணன்
அப்போ சென்சார்தான். இல்லாத அழுத்தத்தை எப்போதும் கூட்டிச் சொல்கிறது. ஃபில்டர் நிரம்பிவிட்டது என்று ஈசியூ நம்பி, அடிக்கடி ரீஜென் (ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிப்பது) ஓட்டியிருக்கும். நீங்களோ 4 கி.மீ.யில் அணைத்துவிடுகிறீர்கள், பாதியில் நின்றுபோகும். கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கிற டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். இப்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.

மதுரை டீசல்
மேல் கோட்டுக்கு ஒரு விரல் அளவு மேலே நிற்கிறது! துணியில் துடைத்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, டீசல் வாடை.

பட்டறை அண்ணன்
ஆயிலை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஆயில், ஆயில் ஃபில்டர், புது சென்சார், மூன்றையும் ஒரே நாளில் முடியுங்கள். சென்சார் மாட்டியதும் ஸ்கேனரில் அடாப்டேஷன் ரீசெட் (ஈசியூ வைத்திருக்கும் பழைய கணக்கை அழிப்பது) செய்யச் சொல்லுங்கள், பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாமல் பழைய கணக்கிலேயே கோட் திரும்ப வரும்.

மதுரை டீசல்
நேற்று முடித்தேன். சாவி ஆனில் 0, ஐடிலில் 4, 3,000 ஆர்பிஎம்மில் 31. லைட் இல்லை. ஃபில்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை அண்ணே. கழற்றின பழைய சென்சாரைக் கடை மேஜையில் வைத்திருக்கிறேன், என் மனைவிதான் அது என்ன சாமான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.