மேனிஃபெஸ்டேஷனும் செபமும் ஒன்றாகப் போகுமா?

தங்கச்சிமடத்தாள்:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஆசை. காசு கட்டி ஆன்லைனில் ஒரு மேனிஃபெஸ்டேஷன் வகுப்பில், அதாவது வேண்டியதை மனசில் நினைத்தே வரவழைக்கலாம் என்று சொல்லித் தருகிற வகுப்பில், சேர்ந்திருக்கிறாள். 369 என்று ஒரு முறையாம். வேண்டியதைக் காலையில் மூன்று தடவை, மத்தியானம் ஆறு தடவை, ராத்திரி ஒன்பது தடவை நோட்டில் எழுத வேண்டும், அதுவும் கையில் கிடைத்துவிட்டது போலவே. "எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது, பிரபஞ்சத்துக்கு நன்றி" என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறாள். திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே, ஆசைப்படுவதையெல்லாம் படமாக ஒட்டி வைக்கிற விஷன் போர்டை மாட்டியிருக்கிறாள். சாயங்காலம் குடும்ப செபமாலைக்கும் தவறாமல் உட்காருகிறாள்.

அம்மா அந்தப் போர்டைக் கிழிக்கப் போய் வீட்டில் பெரிய சண்டை. "நீங்க அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை நவநாள் வைக்கிறீங்க, மன்றாட்டு எழுதிப் பெட்டியில போடுறீங்க, அது மட்டும் என்னவாம்?" என்று கேட்டாள். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது இரண்டும் ஒன்றாகப் போகுமா? அவளைத் திட்டாமல் சொல்லுங்கள்.

மண்டபம் வாசி:
தாராளமாகப் போகும் அக்கா. நானும் செய்கிறேன், ஞாயிறு பூசையையும் விடுவதில்லை. மாற்கு 11:24 என்ன சொல்கிறது? கேட்பதைப் பெற்றுக்கொண்டோம் என்று நம்புங்கள், அப்படியே நடக்கும் என்கிறார் இயேசு. உங்கள் தங்கச்சி எழுதுவதும் அதைத்தானே? அபக்கூக்கு 2:2-இல் "காட்சியை எழுது, பலகையில் தெளிவாகப் பொறித்து வை" என்று கடவுளே சொல்கிறார். பிரபஞ்சம் என்கிற சொல் உறுத்தினால் அந்த இடத்தில் ஆண்டவர் என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கரையில் பிள்ளைகளுக்கு ஆசைப்படச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? "நமக்கெல்லாம் கடல்தான், விதிச்சது அவ்வளவுதான்" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். எனக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று என் மனசு முதலில் நம்பியது இந்த எழுத்துப் பயிற்சியில்தான். கோவிலில் எனக்குப் பொறுமையைச் சொல்லிக் கொடுத்தார்கள். துணிச்சலை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மூக்கையூரான்:
தம்பி, கடைசியில் சொன்னீர்களே, அது நியாயமான குறை. அதற்குப் பெரியவர்கள் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் வசனத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். 24-க்கு அடுத்த வசனம் என்ன? செபிக்க நிற்கும்போது யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் மன்னியுங்கள் என்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார். எந்த வகுப்பிலாவது அந்த 25-ஆம் வசனத்தைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்களா?

அபக்கூக்கு புத்தகத்தையும் முழுசாகப் படியுங்கள். மூன்றே அதிகாரம்தான். அவர் எழுதிய காட்சி காரும் வீடும் இல்லை. கல்தேயர் படையெடுத்து வருகிறார்கள், நாடு பாழாகப் போகிறது, இதை எப்படிப் பொறுக்கிறீர் என்று கடவுளிடம் முறையிட்ட மனிதர் அவர். கடைசியில் என்ன பாடுகிறார்? அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், வயல் விளையாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் நான் ஆண்டவரில் களிகூருவேன் என்று (3:17-18). இதைப் போர்டில் ஒட்டுவீர்களா?

பிரபஞ்சம் என்பதை அடித்துவிட்டு ஆண்டவர் என்று எழுதினால் போதும் என்கிறீர்கள். இந்த முறையைப் பரப்பியவர்களில் பெரிய பெயர் நெவில் கோடார்ட். 1905-இல் பார்படாஸில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். பேச்சுக்குப் பேச்சு பைபிள் வசனம்தான் சொல்வார். ஆனால் கடவுள் என்பது மனிதனுடைய கற்பனை சக்தியே என்பதுதான் அவர் போதனை. அப்படியானால் செபத்தில் யார் யாரிடம் பேசுகிறார்? சாவுக்கு முந்தின ராத்திரி கெத்சமனித் தோட்டத்தில் செபித்தபோது இயேசு "என் விருப்பப்படி அல்ல, உம் விருப்பப்படியே" என்றார். எதிரில் இன்னொருவர் இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

எஸ்தர் பாம்பன்:
ஸ்தோத்திரம். பிரபஞ்சத்துக்கு நன்றி சொல்வது சிருஷ்டிகரை விட்டுச் சிருஷ்டியைத் தொழுவது, ரோமர் 1:25. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்கிறது என்றும் வேதம் சொல்கிறது. தங்கச்சி நோட்டைத் தூரப் போட்டுவிட்டு, "இந்த வேலை எனக்குச் சொந்தம்" என்று இயேசுவின் நாமத்தில் தினமும் அறிக்கை செய்யட்டும். கர்த்தர் கதவைத் திறப்பார்.

மண்டபம் வாசி:
எஸ்தர் அக்கா, மன்னிக்கணும். "இந்த வேலை எனக்குச் சொந்தம்" என்று தினமும் சொல்வதற்கும் "வேலை கிடைத்துவிட்டது" என்று எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்? பெயரைத் தவிர எல்லாம் ஒன்றுதானே? நீங்கள் செய்தால் விசுவாசம், அந்தப் பிள்ளை செய்தால் விக்கிரக ஆராதனையா?

இராமநாதபுரம் டீச்சர்:
தம்பி கேட்ட கேள்வி சரியானது. இரண்டுக்கும் வரலாற்றில் தொடர்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஃபினியஸ் குவிம்பி என்ற கடிகாரக்காரர், நோய் என்பது தவறான எண்ணத்தால் வருவது, எண்ணத்தை மாற்றினால் குணமாகும் என்று மருத்துவம் பார்த்தார். அதிலிருந்து நியூ தாட் என்ற இயக்கம் கிளம்பியது. இன்றைய மேனிஃபெஸ்டேஷனுக்கு வேர் அதுதான். "வாயால் அறிக்கை செய், பெற்றுக்கொள்" என்ற பிரசங்கத்துக்கு முன்னோடி இ. டபிள்யூ. கென்யன். அவர் பாஸ்டனில் படித்த கல்லூரியில் அந்தச் சிந்தனை ஊறிக் கிடந்தது, அங்கிருந்துதான் எடுத்தார் என்று சில ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் இரண்டு பேச்சும் அக்கா தங்கை மாதிரி இருப்பது கேட்கிற யாருக்கும் தெரியும்.

துணிச்சல் வந்தது என்று தம்பி சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியல் பேராசிரியை ஜெர்மனியில் பட்டம் முடித்து வேலை தேடிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார். வேலை கிடைத்துவிட்டதாக இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள், இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், குறைவாகத்தான் விண்ணப்பம் போட்டிருந்தார்கள், சம்பளமும் குறைவு. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை மட்டும் இருந்தவர்கள் நன்றாக வந்தார்கள். கற்பனையிலேயே மனசு நிறைந்துவிட்டால் காலையில் எழுந்து ஓட வேகம் வருவதில்லை. ஆசையோடு சேர்த்து, வழியில் என்ன தடை வரும் என்றும் யோசிக்கச் சொல்கிறார் அவர். தங்கச்சி நோட்டில் தடை என்று ஒரு வரியாவது இருக்கிறதா?

பாசிக்காரி:
நான் படிச்சவள் இல்லை. கடல்பாசி எடுக்கப் போகிறவள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கி எடுப்போம், அப்படியும் பாறை கிழிக்கும். எங்க வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போனவர். இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனது. அங்கே கோர்ட்டில் காவலை நீட்டிக்கொண்டே போனார்கள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னை இப்படி ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டது. அவர் வந்துவிட்டது போல எழுது, மனசில் பார், நன்றி சொல் என்றார்கள். எழுதினேன். கோர்ட்டில் மறுபடியும் நீட்டிப்பு. அழுது வாய்ஸ் போட்டேன். அந்த வகுப்பு எடுக்கிறவர் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க வைப்ரேஷன் கம்மியா இருக்கு, பயத்தை அனுப்புறீங்க, அதனாலதான் பிரபஞ்சம் பயத்தையே திருப்பித் தருது" என்றார். புருஷன் ஜெயிலில் கிடக்கிறதுக்கு நான் காரணமாம்.

அன்றைக்கே குரூப்பை விட்டு வந்துவிட்டேன். நேரே அந்தோணியார் சிலை வைத்திருக்கிற கெபிக்குப் போனேன். நன்றி எல்லாம் சொல்லவில்லை. சண்டைதான் போட்டேன். "ஊர்ப்பட்ட தொலைஞ்ச சாமானைத் தேடித் தர்றீரே, என் மனுஷன் எங்கேன்னு கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன். அங்கே உட்கார்ந்திருந்த பொம்பளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். என் வாயில் செபம் வரவில்லை, அவர்கள் எனக்காகச் சொன்னார்கள். அவர் அப்புறம் வந்துவிட்டார், படகு வரவில்லை. வராமலே போயிருந்தாலும் அந்தப் பொம்பளைகள் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூக்கையூரான்:
அம்மா, திருப்பாடல்களில் நிறையப் பாட்டு நீங்கள் போட்ட சண்டைதான். 13-ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள், "ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் தொடங்குகிறது. மேனிஃபெஸ்டேஷனில் அழுதால் குற்றம், பயந்தால் குற்றம். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் புயல் அடித்து ரயிலோடு சனங்கள் போனார்கள். அவர்கள் எல்லாரும் தப்பாக நினைத்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? எண்ணம்தான் எல்லாவற்றையும் கொண்டுவருகிறது என்ற போதனையைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் அங்கேதான் போய் நிற்கும்.

மண்டபம் வாசி:
அக்கா, அந்த ஆள் சொன்னது கொடுமை. அவரை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஐயா, நியாயமாகப் பேசுவோம். நம் ஜெபக் கூட்டங்களில் இது நடக்கவில்லையா? புற்றுநோய் வந்தவரைப் பார்த்து "விசுவாசம் பத்தல", "வீட்டில் ஏதோ பாவம் இருக்கு" என்று சொல்வதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். ஒரு பயிற்சியாளர் தப்பாகப் பேசினார் என்பதற்காக முறையே தப்பு என்றால், செபத்தையும் அப்படித்தானே ஒதுக்க வேண்டும்?

இன்னொன்று. வேதம் போதித்ததற்காக ஓரியூரில் கொல்லப்பட்ட புனித அருளானந்தர், 1693-இல் அங்கே சிறையில் இருந்து கடிதம் எழுதினார். சாவுக்காகக் காத்திருக்கிறேன், என் செபங்களில் எப்போதும் கேட்டது இதைத்தான் என்று எழுதினார். கேட்டது கிடைத்தது. மனசில் ஒன்றை உறுதியாக வைத்து இடைவிடாமல் கேட்பது நம் புனிதர்கள் செய்ததுதான்.

எஸ்தர் பாம்பன்:
தம்பி சொல்வது எங்கள் பக்கத்தில் நடக்கிறதுதான். மறைக்க மாட்டேன். எங்கள் சபையில் குழந்தை இல்லாத ஒரு சகோதரியிடம் அப்படிப் பேசினபோது நான் எழுந்து கேட்டேன், பிறவிக் குருடனைப் பற்றி யோவான் 9-இல் ஆண்டவர் என்ன சொன்னார் என்று. இவன் செய்த பாவமும் இல்லை, பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்றார். ஆனால் வித்தியாசம் இருக்கிறது தம்பி. விசுவாசம் பத்தல என்கிறவனை வேதத்தைக் காட்டியே வாயடைக்கலாம். பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அவரை முள்ளாகக் குத்திய வேதனை போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது. வைப்ரேஷன் கம்மி என்கிறவனை எதைக் காட்டி வாயடைப்பீர்கள்? அவன் முறையே அதைத்தானே சொல்கிறது?

மூக்கையூரான்:
அருளானந்தர் கதையை இப்படித் திருப்புவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை தம்பி. அவர் தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்கவில்லை, தன்னைக் கொடுத்துவிட்டார். மறவ நாட்டில் வேதம் போதிக்காதே என்றதை மீறி, ஏற்கெனவே அடிவாங்கிய மண்ணுக்கே திரும்பி வந்தவர் அவர்.

ஒன்பது தடவை தொடர்ந்து வேண்டுகிற நவநாளைப் பற்றித் தங்கச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. நம்மிலும் பலர் நவநாளைப் பேரமாகத்தான் வைத்திருக்கிறோம். "இந்தச் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பு, அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது 369-ஐ விட மோசம். பிதற்ற வேண்டாம், கேட்பதற்கு முன்பே தந்தைக்குத் தெரியும் என்று மத்தேயு 6-இல் இருக்கிறது. ஒன்பது என்ற எண்ணில் ஒரு சக்தியும் கிடையாது. ஒரு செவ்வாய் தவறினால் அந்தோணியார் கோபித்துக்கொண்டு கணக்கை முதலில் இருந்து தொடங்கச் சொல்ல மாட்டார். தங்கச்சியின் வகுப்பில் ஒரு நாள் எழுதாவிட்டால் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கடலுக்குப் போகிறவன் அடிப்பது வாடைக் காற்றா கச்சான் காற்றா என்று பார்த்துப் பாயைக் கட்டுவான், காற்றுக்கு உத்தரவு போடமாட்டான். நம் பாட்டன்மார் செபம் அப்படித்தான் இருந்தது.

மண்டபம் வாசி:
பாய் கட்டினவர் இப்போது யார் ஐயா, எல்லாம் எஞ்சின்தான். உங்கள் கருத்து புரிகிறது. ஆனாலும் நான் நோட்டை விடப் போவதில்லை. எனக்கு வேண்டியதைக் கடவுள் முன்னால் தெளிவாக, கூச்சப்படாமல் எழுதி வைப்பதில் என்ன பாவம் என்று இன்னும் யாரும் காட்டவில்லை. பார்வையில்லாத பர்த்திமேயுவைப் பார்த்து "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறாய்?" என்று இயேசுவே கேட்டாரே.

மூக்கையூரான்:
எழுதுவதில் பாவம் இல்லை தம்பி. "எனக்குப் பார்வை வேண்டும்" என்று அவன் கேட்டான். பார்வை வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

தங்கச்சிமடத்தாள்:
எல்லாவற்றையும் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். பாசிக்காரி அக்கா எழுதியதைக் கேட்டதும் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு நாள் விட்டால் முதலில் இருந்து எழுத வேண்டும் என்றுதான் அவள் வகுப்பிலும் சொல்லியிருக்கிறார்களாம். போர்டைக் கிழிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், படிக்கிற மேசைப் பக்கம் மாற்றிக்கொள்ள அவளும் சம்மதித்தாள். வகுப்புக்கு இரண்டாவது தவணை கட்ட வேண்டும், அதைக் கட்டுவதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. டீச்சர், ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு மொழித் தேர்வு எழுத வேண்டுமாமே, அது எந்த அளவுக்குப் படிக்கணும்?

இராமநாதபுரம் டீச்சர்:
நர்ஸாக அங்கீகாரம் வாங்கப் பொதுவாக பி2 நிலை கேட்கிறார்கள் அம்மா. ஏ1-இல் தொடங்கி நாலாவது படி. கல்லூரி முடிவதற்குள் ஏ1 தொடங்கிவிட்டால் நல்லது. தவணைப் பணத்தைக் கட்டும் முன் ஜெர்மன் மொழி வகுப்புக் கட்டணத்தையும் விசாரித்துவிடுங்கள்.

பாசிக்காரி:
தங்கச்சி பரீட்சை எழுதும்போது சொல்லுங்கள், எங்கள் செவ்வாய்க்கிழமை மன்றாட்டில் சேர்த்துக்கொள்கிறோம். அவள் நோட்டில் இடம் இருந்தால், இன்னும் அங்கே ஜெயிலில் கிடக்கிற பையன்களுக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.